பக்கம் கிழிக்கக் கூடாது

ஜனவரி 6, திங்கள்

இந்த நோட்டுக்குச் சட்டம் இருக்கிறது. பேனாவில்தான் எழுத வேண்டும். பக்கம் கிழிக்கக் கூடாது. தப்பு வந்தால் ஒரே ஒரு கோடு போட்டு அடிக்கலாம், ஆனால் அடியில் இருப்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். தினமும் தேதி போட்டு ரோபோவுக்கு அன்றைக்கு என்ன செய்தோம், ஏன் செய்தோம் என்று எழுத வேண்டும். நோட்டுக்கும் மதிப்பெண் உண்டாம். கோகிலா மிஸ் இதையெல்லாம் செல்போனைப் பார்த்து வாசித்துவிட்டு, "கையெழுத்து யாருக்கு நல்லா இருக்கும்?" என்றார். பவதாரிணியும் நஸ்ரினும் என்னைப் பார்த்தார்கள்.

நாங்கள் மூன்று பேர்தான் அணி. திருச்செங்கோட்டில் ஒரு பெண்கள் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. பவதாரிணி ரோபோவைக் கட்டுகிறாள். அவள் அப்பா ஆழ்துளை போடும் ரிக் வண்டிகளுக்கு வெல்டிங் வைக்கிறவர், அதனால் ஸ்பேனர் பிடிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நஸ்ரின் புரோகிராம் எழுதுகிறாள். நான் சுகிர்தா, நோட்டு எழுதுகிறேன். கோகிலா மிஸ் எங்கள் இயற்பியல் டீச்சர். ரோபோ விஷயத்தில் அவருக்கு எங்களைவிட இரண்டு வீடியோ கூடத் தெரியும், அவ்வளவுதான்.

இடம், பழைய வேதியியல் லேப். தினமும் பயிற்சி முடிந்ததும் தரையைக் கழுவிவிட்டுப் போக வேண்டும் என்பது அந்த லேப் டீச்சரின் நிபந்தனை. "இன்ஜினியர் ஆகறதுக்கு முன்னாடி எல்லாரும் இதுதான் செஞ்சிருப்பாங்க" என்றேன்.

பிப்ரவரி எட்டாம் தேதி ஈரோட்டில் மண்டலப் போட்டி. முதல் ஆறு அணிகள் சென்னைக்குப் போகும்.

ஜனவரி 8, புதன்

போட்டி மேசையின் படத்தை எட்டடிக்கு நாலடியில் அடித்து வாங்க ஃபிளக்ஸ் கடைக்குப் போனோம். புது பேனர் வேண்டாம், யாரும் வாங்காமல் கிடப்பதன் பின்பக்கத்தில் அடித்துத் தருகிறேன் என்றார் கடைக்காரர். பிரித்தால் ஒரு கல்யாண ஜோடி. மாப்பிள்ளைக்கு முகத்தில் அவ்வளவு வெட்கம்.

"கல்யாணம் தள்ளிப்போச்சுங்க. பேனர் எங்கிட்டயே தங்கிருச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "எந்த ஸ்கூலு கண்ணு?" என்று கேட்டார். பவதாரிணி பள்ளியின் பெயரைச் சொன்னாள்.

"இவங்க முதுகு மேல ரோபோ ஓடுனா அடுத்த முகூர்த்தத்துக்குள்ள சேந்துருவாங்களா?" என்றேன். கடைக்காரர் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த ஜோடி லேப் தரையில் குப்புறப் படுத்திருக்கிறது. மேலே வெள்ளைத் திடல், அதில் வளைந்து போகும் ஒரு கறுப்புக் கோடு.

ஜனவரி 10, வெள்ளி

ஓடியது. ரோபோ ஓடியது.

ரோபோவின் வயிற்றடியில், வெளிச்சத்தை உணரும் இரண்டு கண்கள் வைத்திருக்கிறாள் பவதாரிணி. கோட்டின் கறுப்பு எந்தக் கண்ணுக்குத் தெரிகிறதோ அந்தப் பக்கம் திரும்பும். இப்படியே இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று கோட்டை விடாமல் தடவிக்கொண்டு போகிறது. லேப் ஜன்னலில் மயில்துத்தம் கரைத்த பாட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. நாலு மணி வெயில் அவற்றின் வழியாக விழும்போது தரையில் ஒரு நீலப் பட்டை விழும். ரோபோ அந்த நீலத்துக்குள் போய், கொஞ்ச நேரம் நீலமாகவே இருந்து, மறுபக்கம் வந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதுவுமே பேசாமல் ஒன்று இவ்வளவு கவனமாக இருக்க முடியுமா என்று நினைத்தேன்.

பெயர் அல்லி. பவதாரிணி வைத்தாள். நான் வேறொன்று நினைத்திருந்தேன், பரவாயில்லை.

தரை கழுவினோம். கொத்தனார் யாரோ மகராசன், தரைக்கு நல்ல வாட்டம் கொடுத்திருக்கிறார். ஒரு வாளி ஊற்றினால் போதும், தண்ணீர் தானாகவே தொட்டி மூலைக்குப் போய்விடுகிறது. துடைப்பம் சும்மா பேருக்கு.

ஜனவரி 13, திங்கள்

போகி. லீவு. அல்லியைப் பார்க்கவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

ரோபோ வேலை இல்லை. ஆனாலும் தேதி போட்டாயிற்று.

அப்பா வீடியோவில் வந்தார். ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார், வைகாசிக்குத்தான் வருவார். முகமெல்லாம் மண்தூசி. "என்ன கண்ணு, சாப்ட்டியா? ரோபோ ஓடுதா? நல்லாப் படிக்கறியா? செரி, செரி" என்றார். மூன்றுக்கும் தலையாட்டினேன்.

"முந்நூறு அடிக்குக் கீழ மண்ணு என்ன நிறத்துல வருதுங்கப்பா?" என்று கேட்டேன். "அம்மாட்ட குடு சாமி" என்றார்.

மத்தியானம் தூங்கியபோது பூமிக்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு போவதாகவும், அதன் மேல் அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நடப்பதாகவும் கனவு வந்தது. நான் மேலே இருந்தேன். அவருடைய காலடி எனக்குக் கேட்டது.

ஜனவரி 22, புதன்

இன்று நிஜமான சிக்கல். கோடு இருக்கும் வரை அல்லிக்குக் கவலையில்லை. கடைசி நாலடியில் கோடு கிடையாது. வெறும் வெள்ளை. கண்ணுக்கு எதுவும் தெரியாமல், சக்கரத்தை நம்பி நேராகப் போய், வழியில் வைத்திருக்கும் மூன்று மரக்கட்டைகளைப் பெட்டிக்குள் தள்ள வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். அல்லி போகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் சாய்ந்துவிடுகிறது. பதினேழு முறை பார்த்தோம், பதினேழு முறையும் இடம்.

பவதாரிணி சக்கரங்களைக் கழற்றி மாட்டினாள். மோட்டாரை மாற்றினாள். கடைசியில் நஸ்ரின், "இவ பொறவியே அப்படித்தான் போல" என்று சொல்லிவிட்டு இடச் சக்கரத்தின் வேகத்தைக் கூட்டினாள். இடம் 64, வலம் 60. அம்பு விட்ட மாதிரி நேராகப் போனது. மூன்று பேரும் கையைத் தட்டினோம்.

"பொறவிக் கோளாறுக்கு நாலே நாலு புள்ளிதானா மருந்து?" என்றேன்.

வெள்ளைத் திடலில் அல்லி போவதை இன்னொரு முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாத இடத்தில்தான் அது அழகாக இருக்கிறது.

ஜனவரி 27, திங்கள்

மிஸ் மின்னஞ்சலை வாசித்தார். போட்டி நாளன்று காலையிலேயே நோட்டை நடுவர்கள் வாங்கிக்கொள்வார்களாம். முதல் பக்கத்திலிருந்து படிப்பார்களாம். நோட்டில் இருக்கும் படங்களை மட்டும் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

பிறகு நேர்காணல், பத்து நிமிடம். "டீம்ல ஒவ்வொருத்தரும் பேசியே ஆகோணும். ஒருத்தர் பேசலைன்னாலும் மொத்த டீமுக்கும் சைபர்" என்று வாசித்தார் மிஸ். வாசித்து முடித்ததும் யாரும் என்னைப் பார்க்கவில்லை. அப்படிப் பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இன்றைக்கு ஓட்டம்: பன்னிரண்டு. பன்னிரண்டும் சரி.

ஜனவரி 28, செவ்வாய்

எனக்குத் திக்கும்.

இதுவரை இந்த நோட்டில் 'என்றேன்', 'கேட்டேன்' என்று எழுதிய இடங்களில் நான் வாயே திறக்கவில்லை. மனதுக்குள் சொன்னவை. விதிப்படி அவற்றைக் கோடு போட்டு அடிக்கலாம். அடிக்கப் போவதில்லை, நல்ல வரிகள்.

ஜனவரி 29, புதன்

மிஸ்ஸிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். 'என் பெயரை எடுத்துவிடுங்கள் மிஸ். நோட்டை மட்டும் எழுதுகிறேன்.'

மிஸ் சீட்டை இரண்டு முறை படித்தார். "மூணு பேரு இல்லைன்னா டீமே கெடையாது கண்ணு. உன்ன எடுத்தா அல்லி இந்த லேப்லயே கெடக்க வேண்டியதுதான்" என்றார். சீட்டை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். பாவம்.

பவதாரிணிக்குத் தெரிந்துவிட்டது. "இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்த? நீ பேரை மட்டும் சொல்லு. மிச்சம் பத்து நிமிசமும் என்னோடது" என்றாள்.

அவள் அப்படித்தான். மூன்றாம் வகுப்பிலிருந்து என் வாய் அவள்தான். நான் ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்பேன், அவள் மீதியைச் சொல்லி முடித்துவிடுவாள். பாதி நேரம் அது நான் சொல்ல வந்ததாகவே இருக்காது. தலையாட்டிவிடுவேன், தொல்லை முடிந்தது. ஒருமுறை அவள் வீட்டில் எனக்குப் பாகற்காய் என்றால் உயிர் என்று சொல்லிவிட்டாள். தலையாட்டினேன். ஆறு வருடமாக அங்கே போனால் எனக்குப் பாகற்காய்தான்.

தனியாக இருக்கும்போது வேறு வழி வைத்திருக்கிறேன். வராத சொல்லுக்குப் பதிலாக வருகிற சொல்லைப் போட்டுவிடுவேன். பஸ்ஸில் ஊர்ப் பெயர் வராவிட்டால் அடுத்த நிறுத்தத்தைச் சொல்லி டிக்கெட் வாங்கி, இறங்கித் திரும்ப நடந்திருக்கிறேன். ஆனால் பெயருக்குப் பதில் பெயர் கிடையாது. பேரை மட்டும் சொல்லு என்கிறாள். பேரைத்தான் என்னால் சொல்ல முடியாது.

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டில் யாரும் இல்லாதபோது கண்ணாடி முன்னால் நின்று பெயரைச் சொன்னேன். அழகாக வந்தது. இருபது முறை சொன்னேன், இருபதும் வந்தது. பால்காரர் வாசலில் வந்து, "அம்மா இருக்காங்களா பாப்பா?" என்றதும் போய்விட்டது.

லேப்பில் மற்ற இருவரும் கட்டைகளுக்கு வண்ணம் அடித்தார்கள். நான் நீலப் பட்டையில் உட்கார்ந்திருந்தேன். வெயில் நகர, நானும் அதோடு சேர்ந்து நகர்ந்து நகர்ந்து கதவு வரைக்கும் போய்விட்டேன். யாரும் திட்டவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

அட்டைப்பெட்டியில் அல்லி, துணி சுற்றி. உபரி பேட்டரி இரண்டு. ஸ்க்ரூடிரைவர். நஸ்ரினின் மடிக்கணினி. மிஸ்ஸின் புளியோதரை. நாளைக் காலை நோட்டை ஒப்படைத்துவிட வேண்டும், அதனால் இன்றே எழுதி முடிக்கிறேன். என் கையில் நாளைக்கு எதுவும் இருக்காது.

பிப்ரவரி 9, ஞாயிறு

நோட்டு திரும்பி வந்துவிட்டது. இனி இதை யாரும் மதிப்பிடப் போவதில்லை, ஆனாலும் பேனாவில்தான் எழுதுகிறேன்.

ஒன்பதாம் இடம். ஆறு அணிகள்தான் சென்னைக்கு. இதை முதலிலேயே எழுதிவிட்டால் நிம்மதி. மிஸ் அழுதார். நாங்கள் அழவில்லை.

கல்லூரிக் கூடத்தில் நாற்பது அணிகள். ஒவ்வொரு அணிக்கும் ஒரு நிறத்தில் சட்டை, முதுகில் பெயர். எங்களுக்குச் சீருடை. நடுவில் நான்கு மேசைகள், அவற்றின் மேல் வெள்ளை விளக்கு. பார்க்கப் பார்க்க அந்த இடமே மிதக்கிற மாதிரி இருந்தது. நோட்டை ஒரு அண்ணன் வாங்கிக் கூடையில் போட்டுக்கொண்டு போனார். கை வெறுமையாக இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

மூன்று ஓட்டம், அதில் சிறந்தது கணக்கு. முதல் ஓட்டம். கோட்டில் அல்லி அருமையாகப் போனது. வெள்ளைத் திடலுக்குள் நுழைந்தது, நேராக வலப்பக்கம் திரும்பிப் போய்ச் சுவரில் முட்டி நின்றது. இடம் அல்ல, வலம். சைபர். பவதாரிணியும் நஸ்ரினும் பேயறைந்த மாதிரி நின்றார்கள்.

அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் ஒரு தன்னார்வலர் வந்து மேசையின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். குமிழி நட்ட நடுவில் நின்றது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. இந்த மேசையில் சரிவே இல்லை. எங்கள் லேப் தரை அப்படியல்ல. ஒரு மாதமாக இடப்பக்கத்துத் தொட்டி மூலைக்குத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்து ரசித்தவள் நான். அல்லிக்குக் கோளாறே கிடையாது. தரை சரிந்ததால் அது சரிந்தது, அதற்கு நாங்கள் மருந்து கொடுத்தோம், இங்கே வந்து அந்த மருந்தே அதைத் தள்ளுகிறது. 64 தேவையில்லை. 60, 60 போதும்.

பவதாரிணியின் கையைப் பிடித்தேன். வாயைத் திறந்தேன். வரவில்லை. எழுதிக் காட்ட நோட்டு இல்லை. இரண்டு நிமிடம்தான் இருந்தது, கடிகாரம் பெரிய எழுத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னடி? பேட்டரியா?" என்றாள் பவதாரிணி. "பேட்டரி எறங்கிருச்சுங்கறயா?"

தலையாட்டினேன்.

ஆறு வருடப் பழக்கம், கழுத்து தானாகவே ஆடிவிட்டது. அவர்கள் பேட்டரியை மாற்றினார்கள். அல்லி மறுபடி வலப்பக்கம் போய்ச் சுவரில் முட்டியது. இரண்டாவது சைபர் முழுக்க முழுக்க என்னுடையது. அதை யாருக்கும் பங்கு பிரிக்க முடியாது.

மூன்றாவது ஓட்டத்தில் 60, 60 வைத்தோம். நேராகப் போனது, மூன்றில் இரண்டு கட்டை பெட்டிக்குள் விழுந்தது. ஒன்பதாம் இடம் அதனால் வந்ததுதான். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நேர்காணல். அதைச் சொல்லத்தான் இத்தனை நேரம் சுற்றி வளைக்கிறேன்.

சின்ன அறை. நடுவர்கள் இரண்டு பேர். ஒருவர் குனிந்து தாளில் எழுதிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஒரு பெண், நாற்பது வயது இருக்கும், கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அவர் முன்னால் இந்த நோட்டு. ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ஜனவரி 22 பக்கத்தில் ஒட்டியிருக்கிறார் என்று இப்போது பார்த்தேன். அதுவரைதான் படித்திருக்கிறார். அடுத்தடுத்த பக்கங்களுக்கு அவர் வரவே இல்லை. ரோபோவைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பவதாரிணியும் நஸ்ரினும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள்.

"இத எழுதுன வாயாடி யாரு?" என்றார் சிரித்துக்கொண்டே. "காலைல இருந்து நாப்பது நோட்டு பாத்தாச்சு. இந்த ஆள நேர்ல பாக்கோணும்னு நெனச்சுட்டே இருந்தேன்." சொல்லிவிட்டுப் பவதாரிணியைப் பார்த்தார்.

பவதாரிணி என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தாங்க மேடம்" என்றாள்.

எனக்காகத்தான் சொன்னாள். எனக்குத் தெரியும். அவளுக்கு என் மேல் இருக்கும் பிரியத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட மாட்டேன். ஆனால் அந்த நிமிடம் அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. பாகற்காயை விட்டுக்கொடுத்தேன். அல்லிக்கு நான் நினைத்திருந்த பெயரை விட்டுக்கொடுத்தேன். பேட்டரியை விட்டுக்கொடுத்தேன். இந்த நோட்டில் இருக்கும் வாயாடி ஒருத்திதான் எனக்கென்று இருந்தாள்.

"இல்ல" என்றேன். இது நிஜமாகவே என்றேன்.

நடுவர் என் பக்கம் திரும்பினார். "நீயா? உம் பேரென்ன?"

உதடு அசைகிறது, காற்று வரவில்லை. பவதாரிணி வாயைத் திறப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினேன். ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை, உள்ளங்கையை வைத்து அழுத்திப் பொத்தினேன். எழுதிக்கொண்டிருந்த நடுவர்கூட நிமிர்ந்து பார்த்தார். நஸ்ரின் "அய்யோ" என்று முணுமுணுத்தாள். நான் கையை எடுக்கவில்லை. ஒரு நிமிடம் ஆனதா, இரண்டு நிமிடம் ஆனதா தெரியாது.

"சுகிர்தா" என்றேன்.

முழுசாக வரவில்லை. மூன்று துண்டாக வந்தது. ஆனால் மூன்றும் வந்தன.

"நல்லது சுகிர்தா" என்றார் நடுவர். சிரிப்பை நிறுத்தியிருந்தார். கண்ணாடியைக் கீழே இறக்கிப் போட்டுக்கொண்டு மஞ்சள் சீட்டுப் பக்கத்தைத் திறந்தார். "இங்க எடம் 64, வலம் 60ன்னு போட்டிருக்க. ரெண்டு ஓட்டத்துலயும் ரோபோ வலப்பக்கம் போச்சு. ஏன்னு தெரியுமா?"

தெரியும் என்று தலையாட்டினேன். பிறகு தலையாட்டியது போதும் என்று தோன்றியது. பவதாரிணியின் வாயிலிருந்து கையை எடுத்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"எங்க லேப்புத் தரை" என்று ஆரம்பித்தேன். அதற்கு அடுத்த சொல் வாட்டம். அங்கே மாட்டிக்கொண்டேன். வேறு சொல் போட்டிருக்கலாம், மேடு என்றோ பள்ளம் என்றோ. எனக்கு அந்தச் சொல்தான் வேண்டும். கொத்தனார் கொடுத்தது அதுதான். நின்றேன். வெளியே அடுத்த அணி கதவைத் தட்டியது. நேரம் முடிந்தது என்று மணி அடித்தது.

நடுவருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். உதவுகிற மாதிரி முன்னால் குனிந்து, "தரை வழுக்குதா கண்ணு?" என்றார்.

என் கழுத்து அசையத் தொடங்கியது.

"இருங்க மேடம்" என்றாள் பவதாரிணி. "அவளே சொல்லுவா."

சொன்னேன்.